இடக்கரையில் நான்கு

பிப்ரவரி 3

தங்கைக்கு,

பதினான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நலமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை, கேட்டாகிவிட்டது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குக் கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள். சுவர்க் கடிகாரம் தெரிகிறதாம், என் முகம் மட்டும் இன்னும் மங்கலாம். அதுவும் நல்லதுதான் என்கிறாள்.

நீ நாலு முறை போன் செய்ததாகச் சொன்னாள். நான்தான் எடுக்கவில்லை. போனில் நீ சிரித்துப் பேசிச் சமாளித்துவிடுவாய். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்.

படகுப் பந்தயச் சம்மேளனத் தலைவர் பதவிக்கு நீ நிற்பதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று முறை பட்டம் வென்றவளின் அண்ணனுக்குச் செய்தித்தாள்தான் சேதி சொல்கிறது. உன் தேர்தல் அறிக்கையைப் படகுக் கிளப்பில் ஒருவர் கொண்டுவந்து, ஏழாவது பத்தியில் விரலை வைத்தார். போட்டியாளரின் நெருங்கிய உறவினர் இனிப் பந்தயப் பாதை அமைக்கக் கூடாது என்று இருந்தது. "என்ன சார், உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நீ முதல் பட்டம் வென்ற பந்தயத்துக்குப் பாதை அமைத்தவன் நான். அதுவே நான் கடைசியாக அமைத்த பெரிய பந்தயப் பாதை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. காரணமும் சொல்லவில்லை. பட்டியலில் இருந்த பெயர் மறு வருஷம் காணாமல் போயிற்று. பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு நீரோட்டக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

பெயரை அடித்தது யார் என்று எனக்குத் தெரியும். அன்றைய தலைமை நடுவர், சர்வேயர் உத்தியோகத்தில் இருந்தாரே, அவர். நீ தலைவராகப் போகிறவள். அந்தக் கோப்பைத் திறக்கச் சொல். என் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர். நீ ஏறி நிற்கிற மேடைக்கு ஆணி அடித்தவர்களில் நானும் ஒருவன். அதை நீ மறந்திருந்தால் நினைவுபடுத்தத்தான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். நீ நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடது முழங்கால் மாடிப்படியில் சத்தம் போடுகிறது. இத்தனை வருஷம் படகில் மண்டி போட்டதற்கு இதுதான் மிச்சம். அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நாலு வேளையும் விடு. மூன்று வேளை போதும் என்று அவள் ஏமாற்றுவாள், நம்பாதே.

இங்கே சம்மேளன அலுவலகத்தில் எனக்கு ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கம்தான், ஆனால் ஜன்னல் திறக்காது. வீரர்கள் குழுவின் செயலாளர் என்று பலகை. வேலை என்னவென்றால், பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு ஆறு கடிதம், கிழிந்த உயிர்காப்புச் சட்டைகளுக்குப் பதில் கேட்டு ஒன்பது கடிதம். கூட்டங்களில் பெரியவர்கள் என்னைப் "பாப்பா" என்கிறார்கள். போன வாரம் ஒருவர், "பாப்பா, நீ துடுப்பு போட்டது போதும், இதெல்லாம் வேற வேலை" என்றார். "ஆமா சார், அங்க தண்ணியாவது நகரும்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு ஓட்டு எனக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நீ எழுதிய விஷயத்தை நேரில் பேசலாம் அண்ணா. தேர்தல் முடியட்டும், ஜூலையில் நானே வருகிறேன். ஏழாவது பத்தியை உன்னை நினைத்து எழுதவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். அதனால் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 2

தங்கைக்கு,

நலம். மருந்து நாலு வேளையும் விடுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தாழ்ப்பாள் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நேரில் பேசலாம் என்பது பேச விரும்பாதவர்கள் சொல்வது.

அந்தப் பந்தயம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ, எனக்கு எல்லாம் இருக்கிறது. கூட அமைக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறு ஆள் இல்லாமல் நான் ஒருவனே மூன்று நாள் கரையில் கிடந்தேன். காய்ந்த கிளைகளைத் தண்ணீரில் எறிந்து, எங்கே சுழல்கிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கம்பி இழுத்து, கம்பியிலிருந்து கழிகளைத் தொங்கவிட்டேன். இருபத்திரண்டு கேட், ஒவ்வொன்றும் இரண்டு கழிக்கு நடுவே உள்ள வழி. பச்சைக் கழி என்றால் ஓட்டத்தோடு போக வேண்டும். சிவப்பு என்றால் தாண்டிப் போய், படகைத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்து உள்ளே நுழைய வேண்டும். கழி உடம்பில் உரசினால் இரண்டு வினாடி கூடும். கேட்டை விட்டுவிட்டால் ஐம்பது. பார்ப்பவர்கள் படகைப் பார்க்கிறார்கள். கழியை ஒரு முழம் அங்கேயும் இங்கேயும் நகர்த்தி, யாருடைய கை எங்கே சோரும் என்று முதல் நாளே முடிவு செய்கிறவனை யாரும் பார்ப்பதில்லை.

பெண்களுக்கு ஒற்றைத் துடுப்புப் பிரிவு அந்த வருஷம்தான் தொடங்கியது. ஐந்தே பேர். மண்டியிட்டு ஒரே பக்கம் துடுப்புப் போடுகிற அந்தப் பிரிவில் நீ ஒருத்திதான் இடப்பக்கம் போடுகிறவள், மற்ற நால்வரும் வலப்பக்கம். இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

முதல் நாள் மாலை சர்வேயர் கரையோரமாக நடந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அந்த இரண்டாவது "நல்லா இருக்கு" இன்னும் என் காதில் இருக்கிறது. மறு வருஷம் பட்டியலில் நான் இல்லை. அவர் மகன் திருமணத்துக்கு அழைப்பு வந்தது, நான் போகவில்லை. அவருக்கு மாரடைப்பு வந்தபோது எல்லோரும் போய்ப் பார்த்தார்கள், அப்போதும் நான் போகவில்லை.

இப்போது அவருக்கே எழுதிவிட்டேன். என் பிழைப்பைக் கெடுத்தவர் நீங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 20

ஐயா,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் உங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இதயத்தில் இரண்டு வால்வு மாற்றியிருக்கிறார்கள். கோபப்படக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் பெயரை அடித்த பேனா என்னுடையதுதான். அடிக்கச் சொன்னது நான் அல்ல. எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கேட்டுக்கொண்டபடி அதை யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். நீங்கள் என்னைத் திட்டி எழுதிய நாலு பக்கத்துக்குப் பதிலாக ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். கேட்க வேண்டிய இடம் என் வீடு அல்ல. உங்கள் வீடு.

உங்கள் பாதை நன்றாகத்தான் இருந்தது. ஒருவருக்கு.

தங்கள்,
முன்னாள் தலைமை நடுவர்


மார்ச் 24

தங்கைக்கு,

சர்வேயரின் பதிலை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன்.

நீயா?

அண்ணன்


ஏப்ரல் 30

மச்சானுக்கு வணக்கம்.

நீங்களும் அத்தையும் நலம்தானே. இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம், மனசுக்குத்தான் இல்லை. நான் கடிதம் எழுதி நாளாயிற்று, பல் பிடுங்குகிற கைக்குப் பேனா சரியாகப் பழகவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்று வருத்தமாக இருப்பீர்கள். எழுதாமல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வரும்போது சாப்பாட்டு மேஜையில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பாள். "என்ன எழுதுற" என்றால் "தாழ்ப்பாள் கடிதம்" என்பாள். குப்பைக் கூடையில் பார்த்தேன். எல்லாம் "அன்புள்ள அண்ணா" என்று ஆரம்பித்து அதோடு நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எதிர்த்து நிற்கும் துணைத்தலைவரின் ஆட்கள் பழைய கோப்பைக் கிளறி, முதல் பட்டம் வென்ற பாதையை அண்ணன்தான் அமைத்தார், தங்கைக்குச் சாதகமாக அமைத்தார் என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணைக் குழு போட்டாகிவிட்டது. உங்களுக்கும் நோட்டீஸ் வரும். ஜூன் பத்துக்குள் எழுத்தில் பதில் கேட்பார்கள். பெரிய பதில் வேண்டாம் மச்சான். "எவருக்கும் சாதகமாக அமைக்கவில்லை" என்று ஒரே வரி. கீழே உங்கள் கையெழுத்து. அமைத்தவரே இல்லை என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, கழிகளையெல்லாம் அன்றைக்கே கழற்றியாயிற்று.

அவள் தலைவராகிவிட்டால் பாதை அமைப்புக் குழுவுக்குத் தலைமை நீங்கள்தான். அவள் இப்போது போட்டியாளர் இல்லை, ஆக ஏழாவது பத்தி உங்களைத் தடுக்காது. உறுப்பினர்கள் மூன்று பேரிடம் பேசிவிட்டேன். பதினான்கு வருஷமாக உங்களுக்கு வர வேண்டியது, வந்து சேரட்டும்.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கு மயக்க ஊசி போடாமலே பல் பிடுங்கிவிடுவாள்.

தங்கள்,
மாப்பிள்ளை


மே 6

மாப்பிள்ளைக்கு,

நலம். நோட்டீஸ் வந்துவிட்டது. நீலக் காகிதம், இரண்டு நகல், கையெழுத்துக்கு மூன்று இடத்தில் கட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு வரிதான். நீங்கள் சொல்வது சரி. பாதை அமைப்புக் குழுத் தலைவர் என்பதை எழுதிப் பார்த்தேன், பார்க்க நன்றாக இருக்கிறது. யாரைப் பார்க்கப் போகலாம், யாருக்கு முன்னால் மேஜைப் பெயர்ப்பலகையைத் திருப்பி வைக்கலாம் என்றெல்லாம் ஒரு பட்டியலே மனசில் ஓடிவிட்டது. பொய் சொல்லவில்லை.

அம்மாவிடம் நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரன் ஒருத்தன்தான் ஒழுங்கா வந்து போறான்" என்றாள். பிறகு, "அவ என்ன சொல்றா" என்றாள். அதைத்தான் நானும் கேட்கிறேன். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
மச்சான்


மே 18

அன்புள்ள அண்ணா,

நீ நலமா, அம்மா நலமா என்று கேட்கவே இந்தத் தடவை கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஆமாம். நான்தான்.

பந்தயத்துக்கு முதல் நாள் மாலை, மாதிரி ஓட்டம் முடிந்ததும் ஐந்து பேரும் பாதையைப் பார்க்கக் கரையில் நின்றோம். அணி மேலாளர்களுக்கு அந்தப் பாதையில் ஒன்றும் தோன்றவில்லை. அவர்கள் பையன்களெல்லாம் இரட்டைத் துடுப்புக்காரர்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். நான் சிவப்புக் கேட்டுகளை எண்ணினேன். ஆறு. நான்கு இடக்கரையில், நான்கும் நெருக்கடியான சுழல்களுக்குப் பக்கத்தில். என் கை இருக்கிற பக்கம். மற்ற நான்கு பேரும் உடம்பைக் குறுக்கே திருப்பித்தான் அங்கே துடுப்புப் போட முடியும்.

எனக்குப் பக்கத்தில், ஐவரில் ஒருத்தியான அந்த நர்ஸ் நின்றிருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, மெலிந்து, பச்சை ஹெல்மெட் போட்டிருப்பாள். அந்த வாரம் லீவு கிடைப்பதற்காக அதற்கு முந்தின மாதம் முழுக்க இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவள். அவளும் விரல் விட்டு எண்ணினாள். எண்ணிவிட்டு என் துடுப்பைப் பார்த்தாள். நான் ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்போது கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு கேட்டை அக்கரைக்கு மாற்ற அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. தற்செயலாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் வினாடியில் நூற்றில் நாற்பத்தொரு பங்கு வித்தியாசத்தில் அவளை ஜெயித்தேன். அவள் வந்து கை கொடுத்து, "இன்னிக்குத் தண்ணி உங்க பக்கம் ஓடுச்சு அக்கா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேசிய அணிக்கு ஒரே இடம், அது எனக்கு வந்தது. மறு வருஷம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே நடுவருக்கு எழுதினேன், நான் போட்டியிடுகிற எந்தப் பந்தயத்துக்கும் என் அண்ணனைக் கூப்பிடாதீர்கள், காரணம் கேட்காதீர்கள் என்று. போட்டியிடுவதை நிறுத்திய பிறகாவது அதைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் காரணம் கேட்பார்கள் என்று பயந்தேன். உன் வேலையை எடுத்து என் பயத்துக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு வந்த இரண்டு பட்டங்களையும் வேறு ஆட்கள் அமைத்த பாதையில் ஜெயித்தேன். ஒவ்வொரு தடவையும் கழுத்தில் பதக்கம் விழும்போது முதலாவதுதான் கனத்தது. ஏழாவது பத்தியை உன்னை நினைத்து எழுதவில்லை. என்னை நினைத்து எழுதினேன்.

விசாரணைக் குழு என்னையும் கூப்பிட்டிருக்கிறது, ஜூன் பதினைந்து. நீ என்ன பதில் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீ அதை வேண்டுமென்று செய்தாயா என்றும் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இவர் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறார் என்று சந்தேகம். எழுதியிருந்தால் மன்னித்துவிடு. என்னைக் காப்பாற்ற நினைத்திருப்பார்.

உன் தங்கை


ஜூன் 4

விசாரணைக் குழுவுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய நோட்டீஸுக்கு என் பதில்.

குறிப்பிட்ட பந்தயத்தின் பாதையை அமைத்தவன் நான் ஒருவனே. சிவப்புக் கேட் ஆறில் நான்கை இடக்கரையில் அமைத்தேன். நீரோட்டம் அதைக் கோரவில்லை. மூன்றும் மூன்றுமாக அமைத்த வரைபடம் முதல் நாளே என்னிடம் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அதை மாற்றினேன். பெண்கள் பிரிவில் இடப்பக்கம் துடுப்புப் போட்டவர் என் தங்கை ஒருவரே என்பது எனக்குத் தெரியும். அவருக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்றே மாற்றினேன். அப்படிச் செய்யும்படி அவர் கேட்கவில்லை. செய்ததாக நானும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர் ஒரு நர்ஸ். இந்தப் பதிலின் நகலை அவருடைய முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். குழு அதைச் செய்யாவிட்டால் நான் செய்வேன்.

வரைபடம் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

(மூன்று இடங்களிலும் கையெழுத்திடப்பட்டது)


ஜூன் 4

தங்கைக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு இப்போது என் முகமும் தெரிகிறது. "இவ்வளவு நரைச்சுட்டியா" என்றாள்.

குழுவுக்கு அனுப்பியதன் நகல் இதோடு இருக்கிறது. அதை முதலில் படி.

மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. அவர் கொடுத்த யோசனையை நான் உடனே தள்ளிவிடவில்லை. அந்த ஒரு வரியை எழுதி இரண்டு வாரம் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் அங்கேயே இருந்தது. உன்மேல் கோபம். நடுவருக்கு எழுதிய கையால் எனக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம். முகத்துக்கு நேரே திட்டியிருக்கலாம். பதினான்கு வருஷம் ஒரு மனுஷனைத் தப்பான ஆளை வெறுக்க விட்டாய். சர்வேயரிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. என் வயதில் அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

ஆனால் கையெழுத்துப் போட வைத்தது நீ அல்ல. அந்த நர்ஸ். எனக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்று தேதியோடு சொல்வேன். கிளப்பில் சிரித்தவன், பட்டியலில் அடித்தவர், உறவுக்காரர் திருமணத்தில் எனக்குப் பின்வரிசை கொடுத்தவர்கள், ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் நினைத்ததில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஹெல்மெட்டின் பச்சை வருகிறது, அதற்குக் கீழே முகம் வரவில்லை. அவளுக்கு என்மேல் கோபம் இருக்குமா என்று யோசித்தேன். இருந்தால் அது நியாயமான கோபம். என்னுடையவற்றில் எத்தனைக்கு அப்படிச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை.

நீ கரையில் நின்று எண்ணினாய் என்பதை நான் குழுவுக்கு எழுதவில்லை. உன்னைக் காப்பாற்ற அல்ல. அதைச் சொல்ல வேண்டியவள் நீ. பதினைந்தாம் தேதி அந்த அறைக்குள் போய் நீ சொல்லலாம், சொல்லாமலும் வரலாம். சொன்னால் பதக்கம் போகும், தேர்தலும் போகலாம். சொல்லாவிட்டால் என் பதில் உனக்குப் போதும், அண்ணன் செய்ததற்குத் தங்கை என்ன செய்வாள் என்று விட்டுவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் நான் உன்னைக் கேட்க மாட்டேன். நீ என்னைக் கேட்காமல் இருந்ததுபோல.

வேண்டுமென்றுதான் செய்தேன். உனக்கு நேரே சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது.

ஜூலையில் வருவதாக எழுதியிருந்தாய். முடிவு எதுவானாலும் வா. அம்மா கேட்கிறாள்.

கீழே "உன் அண்ணன்" என்று எழுதப் பேனாவை வைத்தேன், ஓடவில்லை. கோபம் தீர்ந்தது என்று பொய்யாக எழுத வரவில்லை, தீராமல் அந்த வார்த்தையை எழுதவும் கை கூசுகிறது. பெயரை எழுதலாம் என்றால், தங்கைக்குப் பெயர் எழுதுகிற அண்ணன் எங்கே இருக்கிறான். நீலக் காகிதத்தில் மூன்று இடத்திலும் நிற்காமல் ஓடிய கை இங்கே நிற்கிறது. பெட்டியிலிருந்து தபாலை ஐந்து மணிக்கு எடுத்துவிடுவார்கள். கையெழுத்து இல்லாமலே போடுகிறேன்.